உப்புக்காற்றில் களாச்செடி: மூன்று வருட அனுபவம்

கடலைப் பார்த்த தோட்டத்தில் உயிர்வேலியும் வேண்டும், பழமும் வேண்டும் என்று தேடியபோது களாவைத் தேர்ந்தெடுத்தேன். வறட்சி, மணல், உப்பு மூன்றையும் தாங்கும் செடி அது.

நன்றாகப் பழுத்த பழத்தைப் பிசைந்து விதையெடுத்து, கழுவி, அன்றைக்கே நாற்றுப்பையில் போட்டேன். களா விதையை எடுத்து வைக்கக் கூடாது. நாளாக ஆக முளைப்புத்திறன் குறைந்துவிடும். இருபது நாளில் முளைவிட்டது. முழங்கால் உயரம் வந்ததும் பன்னிரண்டு நாற்றுகளை, மட்கிய உரம் கலந்த குழிகளில், ஒரு மீட்டர் இடைவெளியில் நட்டேன்.

முதல் வருடம் மனம் நொந்துபோனது. கடல் பக்கத்து இலைகளின் ஓரம் மட்டும் பழுப்பாகிச் சுருண்டது. அதே செடியின் மறுபக்கம் பச்சைப்பசேல் என்று இருந்தது. மண்தான் காரணம் என்று நினைத்து உரத்தைக் கூட்டியது என் தவறு. மண்ணில் குறை இருந்தால் இப்படி ஒரு பக்கம் மட்டும் கருகாதே! காற்று கொண்டுவரும் உப்பு இலையில் படிந்து, அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது.

சரி, காற்றை மறித்துவிடலாம் என்று தகரம் நிறுத்தினேன். அது இன்னும் மோசம். தகரத்தின் மேலேறிய காற்று பின்பக்கம் சுழன்று இறங்கி, ஒரு நாற்றைத் தூரோடு ஒடித்துவிட்டது. தகரத்தை எடுத்துவிட்டு நிழல்வலை கட்டினேன். வலை காற்றை முழுதாகத் தடுப்பதில்லை, வேகத்தை மட்டும் குறைக்கிறது. அதுதான் சரியாக வந்தது. பலத்த காற்றடித்த நாளில், சாயங்காலம் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுவேன். தூரைச் சுற்றிச் சருகு மூடாக்கு. அவ்வளவுதான் பராமரிப்பு.

மூன்றாம் வருடம் பூத்தது. ஐந்து இதழ் வெள்ளைப் பூ, மல்லிகை மாதிரி மெல்லிய வாசனை. காய் முதலில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இருந்து, பழுக்கப் பழுக்கக் கருஞ்சிவப்பாகிக் கடைசியில் கறுத்தது. பறிக்கும்போது காம்பில் வெள்ளைப் பால் கசியும். விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். முள் பொல்லாதது, கையுறை இல்லாமல் கிட்டே போக வேண்டாம்.

போன மாதம் வலையை அவிழ்த்துப் பார்த்தேன். பதினொன்றில் ஒன்பது செடிகளின் இலையோரம் இன்னும் பச்சையாகவே இருக்கிறது. கடைக்கோடியில் நிற்கும் இரண்டு மட்டும் லேசாகக் கருகின. அவற்றுக்கு வலையைத் திரும்பக் கட்டிவிட்டேன்.