ஹட்டனிலிருந்து ஹீத்ரோவுக்கு

தங்கச்சி லண்டன் கிளம்புகிறாள். "எவ்வளவு தூரம்டா?" என்று அம்மா நாலு நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் சுமார் 8,700 கிலோமீட்டர் என்றேன். அவருக்கு அது வெறும் நம்பர்.

அப்புறம் மகனின் உலக உருண்டையை எடுத்து, அம்மாவின் தையல் நூலை கொழும்பிலிருந்து லண்டன் வரை இழுத்துப் பிடித்தேன். நூலின் நடுப்பகுதி தெஹ்ரான் பக்கத்தில் போய் உட்கார்ந்தது! சுவரில் இருக்கும் வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் கோடு சவுதி வழியாகப் போகிறது. உருண்டையில் நூல் காட்டுவதுதான் குறுக்குவழி. ஆனால் விமானம் அப்படியே அந்த நூல் மேல் போகாது. போர், மூடிய வான்வெளி, காற்று என்று சுற்றித்தான் போகும்.

நேரடி விமானம் என்றால் ஏறக்குறைய 11 மணித்தியாலம். மேலே காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் திரும்பி வரும்போது கொஞ்சம் சீக்கிரம். இங்கே பகல் ஒரு மணிக்கு ஏறினால், இறங்கும்போது நமக்கு நள்ளிரவு, அங்கே கோடையில் மாலை 7.30 தான்.

எனக்குக் கவலை வேறு. மலைநாட்டு ஹட்டனிலிருந்து கட்டுநாயக்காவுக்கு, கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று வேன் இறங்கும் அந்த 130 கிலோமீட்டருக்கு, பனிமூட்டம் இருந்தால் ஐந்து மணித்தியாலம். தங்கச்சிக்கு வளைவில் வாந்தி வரும்.

அம்மா நூலைச் சுற்றி ஊசிப் பெட்டியில் வைத்துவிட்டார். "இவ்வளவுதானா? ஒரு முழம்கூட இல்லையே."