நாற்பது வாட் வெயில்

எங்கள் வீட்டில் ஜனவரி மாதத்தில் வெதுவெதுப்பான இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு தூக்குவாளி அகலத்துக்கு இருக்கும் மேடை மூலை. அது அத்தையின் இட்லி மாவுக்குப் பட்டா போட்ட இடம். கோயம்புத்தூரில் இரவு கரைத்து வைத்தால் விடியும்போது மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும் மாவு, 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு வந்ததும் சந்நியாசம் வாங்கிக்கொள்கிறது. கம்பளி போர்த்தி, குரங்குக் குல்லாய் மாட்டி (என் கணவருடையது; அவருக்குத் தெரியாது), ஒன்றரை நாள் காத்திருந்தால்தான் கொஞ்சம் அசைந்து கொடுக்கும்.

அந்த மூலைக்குத்தான் நான் போட்டிக்குப் போனேன். காரணம் கீழ்வீட்டு அம்மா. போன மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் அவர் வீட்டு வாசலில் பெட்டூனியா கூடை கூடையாகத் தொங்கியது. "அழகாக இருக்கிறதே, எந்த நர்சரி?" என்று கேட்டேன். "நர்சரியா? எல்லாம் விதையிலிருந்து நானே எடுத்தது" என்றார். அதில் "நானே"வுக்கு அவர் கொடுத்த அழுத்தத்தை எட்டு மாதம் நெஞ்சில் சுமந்தேன்.

விதை போட்டுப் பூப் பார்க்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். மே மாதத்தில் பூ வேண்டுமென்றால் ஜனவரியிலேயே விதைத்தாக வேண்டும். ஜனவரியில் ஊட்டியை ஒட்டிய தலைகுந்தாப் பக்கம் போய்ப் பாருங்கள், காலையில் புல்வெளி உறைபனியில் உப்புக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கும். பெட்டூனியா விதைக்கோ 21 முதல் 24 டிகிரி வெப்பம் வேண்டும். ஆகவே வீட்டுக்குள்தான் பிரசவம்.

விதைப் பாக்கெட்டைப் பிரித்ததும் ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். உள்ளே இன்னொரு குட்டி உறை, அதன் மூலையில் யாரோ மூக்குப்பொடி சிந்தியதுபோல் ஒரு துளி. கிராமுக்குச் சுமார் பத்தாயிரம் விதை! கேழ்வரகு அதன் பக்கத்தில் பூசணிக்காய். வெள்ளைத் தாளில் கொட்டி, பல்குத்தும் குச்சியின் நுனியை நனைத்து, ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து, 98 குழிகள் உள்ள குழித்தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து என் கணவர் குனிந்து "என்ன அது?" என்றார். அந்த ஒரு மூச்சில் பத்துப் பதினைந்து விதைகள் குடிபெயர்ந்துவிட்டன.

"உருளைக்கிழங்குக் குடும்பம்தான் இதுவும். தக்காளி, கத்தரி, புகையிலை எல்லாம் சொந்தம்" என்றேன், கவனத்தைத் திருப்ப.

"அப்படியானால் பிரயோஜனம் உள்ள குடும்பம்தான்."

"குடும்பத்தில் எல்லாருமே பிரயோஜனமாகவா இருக்கிறார்கள்?" என்றேன். அதற்குமேல் அவர் அங்கே நிற்கவில்லை.

இந்த விதைக்கு முளைக்க வெளிச்சமும் வேண்டும். மேலே மண் போட்டு மூடக் கூடாது. ஈர மண்ணின்மேல் அப்படியே உட்கார வைக்க வேண்டும். மேலிருந்து தண்ணீர் ஊற்றினாலும் போச்சு, விதை நீந்திப் போய்விடும். தட்டை ஒரு தாம்பாளத் தண்ணீரில் வைத்தால் மண் கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும். இதையெல்லாம் அத்தையிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி கண்ணு. மாவை எங்கே வைப்பது?" என்றார். பேச்சுவார்த்தை முறிந்தது.

மருந்துக்கடையில் ஒரு தெர்மோகோல் பெட்டி கிடைத்தது. மூடியில் ஓட்டை போட்டு நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். உள்ளே சூடு எவ்வளவு என்று பார்க்க வீட்டிலிருந்த காய்ச்சல் தெர்மாமீட்டரை வைத்தால், பெட்டி உயிரோடு இல்லை என்பதுபோல் ஏதோ காட்டியது. பிறகு சுவரில் மாட்டும் தெர்மாமீட்டர் வாங்கினேன். இருபத்து மூன்று! வீட்டிலேயே வசதியான அறை அதுதான். நாங்கள் மூவரும் ஸ்வெட்டரோடு நடமாட, விதைகள் மட்டும் சித்திரை மாதத்தில் இருந்தன.

போகியன்று, ஒன்பதாம் நாள், அத்தை பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "பச்சையாகப் பூசணம் பூத்திருக்கிறது கண்ணு, துணியால் துடைத்துவிடட்டுமா?"

ஓடினேன். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. தலைமுடியைவிடச் சற்றே தடித்த ஒரு வெளிர் தண்டு, அதன் உச்சியில் குண்டூசித் தலைக்கும் சிறியதாக இரண்டு இலைகள். எண்ணினேன், 61. முளைத்ததும் பெட்டியை விட்டு எடுத்து, சூடு குறைந்த வெளிச்சமான இடத்துக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. பொங்கல் வேலையில் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

மாட்டுப்பொங்கலுக்குக் கோவையிலிருந்து உறவினர்கள் எட்டுப் பேர் வருவதாக இருந்தது. பெரிய பாத்திரம் நிறைய மாவு. அது அத்தையின் மூலைக்குள் நுழையவில்லை. பொங்கல் இரவு நான் படுத்த பிறகு, அத்தை பெட்டியைத் திறந்து, குழித்தட்டை ஓரமாக நகர்த்தி, மாவுப் பாத்திரத்தை ஒரு பலகைமேல் ஏற்றிப் பல்புக்கு நேர் கீழே வைத்திருக்கிறார். எட்டு வருடமாகக் குளிரில் முடங்கிக் கிடந்த மாவுக்கு அன்றுதான் விடுதலை.

விடியற்காலை மூடியைத் தூக்கினேன். புளித்த வாசனை முகத்தில் அறைந்தது. பாத்திரத்தின் தட்டு ஒருபக்கம் சரிந்து கிடக்க, மாவு பொங்கி வழிந்து, பலகையிலிருந்து இறங்கி, குழித்தட்டின் பாதியை நிதானமாக மூடியிருந்தது. மேலே இன்னும் சின்னச் சின்னக் குமிழிகள் வெடித்துக்கொண்டிருந்தன. கரையோரக் குழி ஒன்றில், கழுத்துவரை மாவில் நின்றபடி ஒரே ஒரு நாற்று என்னைப் பார்த்தது.

நான் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து அத்தையின் குரல்: "பொங்கலன்று பொங்கியிருக்கிறது கண்ணு. சகுனம் நல்லது."

அன்றைக்கு இட்லி பஞ்சாக வந்தது என்பதை மறுக்க முடியாது. என் கணவர் ஒன்பது சாப்பிட்டார். கோவைக்காரர்களே "ஊட்டித் தண்ணீருக்கு இப்படி வருமா!" என்று வியந்தார்கள். தண்ணீர் இல்லை, பெட்டூனியா வெயில் என்று சொல்ல வாயெடுத்து, சட்னியோடு விழுங்கிவிட்டேன்.

மாவுக்குத் தப்பியவை 27. அடுத்த வாரம் நாற்றழுகல் வந்து, தண்டு மண்ணோடு இளைத்து மடிந்து விழுந்ததில் இன்னும் 11 போயின. மிச்சம் பதினாறு. இரண்டு கூடைக்குக்கூடக் காணாது. இரண்டாவது சுற்று விதைத்தால்தான் மானம் பிழைக்கும்; பாக்கெட்டில் இன்னும் மூக்குப்பொடி பாக்கி இருக்கிறது. குழித்தட்டைக் கழுவி மண் நிரப்பிக்கொண்டு பெட்டியருகே போனேன். உள்ளே பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே மாவு, இந்த முறை அடியில் தாம்பாளத்தோடு.

"சனிக்கிழமை வரைக்கும் இடமில்லை கண்ணு" என்றார் அத்தை. "ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானால் உன் பூவை வைத்துக்கொள்."