2,850 ரூபாய்க்கு சேலை வித்தேன், அக்கவுண்ட்டே முடங்கிருச்சு, திரும்ப எடுத்தது எப்படின்னு சொல்றேன்

நான் மதுரைல வீட்ல இருந்தே சுங்குடி சேலை விக்கிறேன், நாலு வருஷமாச்சு. கடைன்னு தனியா கிடையாது, எல்லாமே ஃபோன்தான். வாட்ஸப் பிசினஸ்ல கேட்டலாக் போட்டு வச்சிருக்கேன், காலைல புதுசா வந்ததெல்லாம் ஸ்டேட்டஸ்ல போடுவேன், பிடிச்சிருந்தா ஜிபேல பணம் அனுப்பிட்டு அட்ரஸ் தருவாங்க, மறுநாள் ஸ்பீட் போஸ்ட்ல போயிரும். என்னை மாதிரி ஒரே நம்பர், ஒரே சேவிங்ஸ் அக்கவுண்ட்ட வச்சு வியாபாரம் பண்றவங்க நிறைய பேரு இருக்கீங்க, அதனாலதான் இத கொஞ்சம் விவரமாவே எழுதுறேன்.

போன ஆடி மாசம், ஒரு செவ்வாக்கிழம. ஆரப்பாளையத்துல பஸ் ஏறி சின்னாளபட்டி போயிருந்தேன், மொத்தக் கடைல 18 சேலை எடுத்து ஒதுக்கி வச்சு, கடைக்கார அண்ணே 11,700னு பில்லும் போட்டுட்டாரு. ஸ்கேன் பண்ணி பின் அடிச்சா ஃபெயில். சர்வர் பிரச்சனையா இருக்கும்னு திரும்ப அடிக்கிறேன், திரும்பவும் ஃபெயில். பேலன்ஸ் பாத்தா 41 ஆயிரம் அப்டியே காட்டுது, ஆனா ஒரு ரூபா வெளிய போக மாட்டேங்குது. அண்ணே பாவம், "எடுத்துட்டுப் போம்மா, அப்புறமா குடு"ன்னாரு, எனக்குத்தான் மனசு வரல, சேலைய அங்கயே வச்சுட்டு வந்துட்டேன். பஸ்ல வரும்போது கையெல்லாம் நடுங்குச்சு, பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய பணமும் அதுக்குள்ளதான் இருந்துச்சு.

மறுநாள் பேங்குக்குப் போனேன். முதல்ல "சிஸ்டம்ல ஹோல்டு இருக்கு, ஹெட் ஆபீஸ்ல கேக்கணும்"னு சொல்லி அனுப்பப் பாத்தாங்க, அங்க எந்திரிச்சு வராம இருந்ததுதான் நான் செஞ்ச நல்ல காரியம். யாரு முடக்குனது, எந்த கம்ப்ளெயின்ட்டுக்கு, எவ்ளோ தொகைக்கு, இது மூணையும் எழுத்துல குடுங்கன்னு கேட்டு உக்காந்துட்டேன். மதியம் ஒரு பிரின்ட் குடுத்தாங்க. வட மாநிலத்துல ஒரு சைபர் போலீஸ் ஸ்டேஷன் பேரு, 14 இலக்கத்துல கம்ப்ளெயின்ட் அக்னாலெட்ஜ்மென்ட் நம்பர், தகராறு தொகை 2,850, லேயர் 3.

லேயர்னா என்னன்னு அன்னைக்குதான் தெரிஞ்சுச்சு. பணம் ஏமாந்தவங்க 1930க்கு ஃபோன் பண்ணி புகார் குடுத்தா, அந்தப் பணம் எந்த அக்கவுண்ட்டுக்குப் போச்சு, அங்கருந்து எங்க போச்சுன்னு ஒவ்வொரு பேங்க்கா துரத்திட்டே போவாங்க, போற இடத்துல எல்லாம் பிடிச்சு வைப்பாங்க. முதல்ல வாங்குன அக்கவுண்ட் லேயர் 1, அடுத்தது 2, நான் மூணாவது. ஏமாந்தவங்க பணம் அப்டித்தான் காப்பாத்தப்படுது, அதனால அந்த ஏற்பாட்டு மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா 2,850க்காக 41 ஆயிரத்தையும் பூட்டுனது எந்த ஊரு நியாயம்?

வீட்டுக்கு வந்து அந்த 2,850 எதுன்னு தேடுனேன். கோயமுத்தூர் அக்கா ஒருத்தங்க, மூணு சேலை, ஒன்னு 950. ஃபோன் பண்ணா அவங்க அழுகுறாங்க, அவங்க அக்கவுண்ட்டும் முடங்கிருக்கு. பழைய மொபைல ஆப்புல போட்டு யாருக்கோ வித்திருக்காங்க, வாங்குனவன் அனுப்புன காசுதான் மோசடிக் காசு, அதுலதான் எங்கிட்ட சேலை வாங்கிருக்காங்க. அவங்க மேல தப்பே இல்ல.

அப்புறம் அந்த ஸ்டேஷனுக்கு மெயில் அனுப்புறதுக்கு எல்லாத்தையும் சேத்தேன். ஆதார், பான், அந்த வரவு மட்டும் கோடு போட்டுக் காட்டுன ஸ்டேட்மென்ட், அந்த யுபிஐ வரவோட 12 இலக்க ரெஃபரன்ஸ் நம்பர், அக்காவோட நடந்த முழு சாட், என்னோட பில், ஸ்பீட் போஸ்ட் ரசீது, டெலிவரி ஆன ட்ராக்கிங் பக்கம். இதுல ரொம்ப உதவுனது போஸ்ட் ஆபீஸ் ரசீதுதான், அந்தச் சின்ன வெள்ளத் துண்டு, மை பாதி அழிஞ்சு போயிருந்துச்சு, நம்பர் மட்டும் தெளிவா இருந்துச்சு. நான் எல்லா ரசீதையும் ஒரு பிஸ்கட் டப்பால போட்டு வைக்கிற பழக்கம், அம்மா சொல்லிக் குடுத்தது.

மெயில்ல ரெண்டே ரெண்டு கேட்டேன். இது சேலை வித்த காசு, சரிபாத்து முடக்கத்த எடுங்க. அதுவரைக்கும் முழு அக்கவுண்ட்டையும் பூட்டாம 2,850க்கு மட்டும் லீன் போடச் சொல்லுங்க, அதாவது அந்தத் தொகைய மட்டும் எடுக்க முடியாம பிடிச்சு வைக்கிறது. 2024ல சென்னை ஐகோர்ட் ஒரு வழக்குல, தகராறுல உள்ள தொகைய மட்டும் பிடிச்சு வச்சுட்டு மீதி அக்கவுண்ட்ட இயக்க விடுங்கன்னு உத்தரவு போட்டிருக்குன்னு தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் சொன்னாரு, அதையும் சேத்து எழுதி, பேங்க்ல இந்த மாதிரி புகாரப் பாக்குற நோடல் ஆபீசருக்கும் காப்பி போட்டேன். மதுரை சைபர் க்ரைம் ஸ்டேஷனுக்கும் நேர்ல போனேன், கேஸ் அவங்களுது இல்லன்னாலும் மெயில் எப்படி எழுதணும்னு பொறுமையா உக்கார வச்சு சொன்னாங்க, அத மறக்க மாட்டேன்.

ஒரு வாரம் பதிலே இல்ல. தினமும் ஃபோன் பண்ணேன், எனக்கு ஹிந்தி வராது, எதுத்த வீட்டு ராணுவத்துல இருந்த மாமாதான் பேசுனாரு. பத்தாவது நாளு அங்கருந்து ஒருத்தர், "2,850 திருப்பிக் குடுத்துருங்க, உடனே எடுத்து விடுறோம்"ன்னாரு. குடுத்துட்டு நிம்மதியா இருப்போமான்னுகூட ஒரு நிமிஷம் தோணுச்சு. ஆனா சேலை போயிருச்சு, அதுக்கு வந்த விலைதான் அது, நான் எதுக்குத் திருப்பிக் குடுக்கணும்? ஆதாரத்தப் பாருங்க சார், அப்புறம் எழுத்துல என்ன சொன்னாலும் கேக்குறேன்னு மாமாவ சொல்லச் சொன்னேன்.

இதுக்கு நடுவுல டெலிகிராம்ல ஒருத்தன் "அன்ஃப்ரீஸ் பண்ணித் தர்றேன், 5,000 முன்பணம்"னு வந்தான். தயவுசெஞ்சு இவங்ககிட்ட மட்டும் போயிராதீங்க, நீங்க இருக்குற தவிப்புல யாரு என்ன சொன்னாலும் நம்பத் தோணும்.

19வது நாளு பேங்க்ல இருந்து மெசேஜ், முழு முடக்கத்த எடுத்துட்டு 2,850க்கு மட்டும் லீன். அப்பதான் மூச்சே வந்துச்சு. மிச்சத்துக்கு ஸ்டேஷன்ல இருந்து 'எங்களுக்கு ஆட்சேபணை இல்ல'ன்னு என்ஓசி மெயில் வரணும், அது வந்தும் பேங்க் பத்து நாளு கண்டுக்கல. எழுத்துல புகார் குடுத்தேன், 30 நாளைக்குள்ள சரியான பதில் இல்லன்னா பேங்க் மேல உள்ள புகார விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன்ட்ட போலாம், 14448ல கேட்டாலே வழி சொல்வாங்க, அப்டி போவேன்னு அந்தக் கடிதத்துலயே எழுதிருந்தேன், மூணாவது நாளே லீன எடுத்துட்டாங்க. ஆக மொத்தம் 47 நாளு.

இப்ப வியாபாரத்துக்குன்னு தனியா ஒரு கரன்ட் அக்கவுண்ட், அதுல அந்த வாரம் சரக்கு எடுக்க வேண்டிய பணம் மட்டும்தான், வீட்டுப் பணம் வேற பேங்க்ல. ஒத்தச் சேலைன்னாலும் பில் எழுதி ஃபோட்டோ எடுத்து சாட்லயே அனுப்பிருவேன். அனுப்புறவங்க பேரும் ஆர்டர் போட்டவங்க பேரும் வேற வேறயா இருந்தா யாருதுன்னு கேட்டுட்டுதான் பார்சல் கட்டுறேன், சில பேரு கோவிச்சுக்கிறாங்க, பரவால்ல.

சின்னாளபட்டி அண்ணே அந்த 18 சேலையயும் யாருக்கும் குடுக்காம ஒரு மூட்டையா கட்டி மேல என் பேர எழுதி வச்சிருந்தாரு. அதே 11,700, ஸ்கேன் பண்ணேன், போயிருச்சு.