துருவுக்குள் கிடந்த 115 எழுத்துகள்

ஜப்பானிய வாள் என்றால் வளைந்த கத்தானாதான் என்று எண்ணியிருந்த எனக்கு, சைத்தாமா மாநிலத்தின் கியோதா நகரிலுள்ள அருங்காட்சியகத்தில் கண்ட இனாரியாமா வாள் அந்த எண்ணத்தை முற்றிலும் மாற்றியது. நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் அது 73.5 சென்டிமீட்டர் நீளமுடையது, இருபுறமும் கூருள்ளது, சிறிதும் வளைவில்லாதது. கரும்பழுப்பேறிய இரும்பின் நடுவே பொன்னெழுத்துகள் ஒரே வரியாக இறங்குகின்றன. முன்புறம் 57, பின்புறம் 58.

அருகிலுள்ள, 120 மீட்டர் நீளமும் சாவித்துளை வடிவமும் கொண்ட ஈமமேட்டை 1968-இல் அகழ்ந்தபோது இவ்வாள் வெறும் துருப்பிடித்த இரும்பாகவே கிடைத்தது. பத்தாண்டுகள் கழித்து, 1978-இல், துரு பரவாமல் காக்கும் பணியின்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபிறகே எழுத்துகள் வெளிப்பட்டன. வாளுக்குரிய வோவாக்கே தன் முன்னோர் வரிசையைச் சொல்லி, வாகாத்தாக்கேரு பேரரசருக்குத் தன் குடி வாளேந்தியோரின் தலைமையாக நின்று பணிபுரிந்ததைப் பதிந்து, 'நூறு முறை உருக்கித் தட்டிய கூர்வாள்' என்று இதைக் குறிக்கிறார். அதில் உள்ள ஆண்டைப் பெரும்பாலான அறிஞர்கள் கி.பி. 471 என்று கொள்கின்றனர். அந்த மேட்டின் உச்சிக்கு ஏறி, புதைகுழி இருந்த இடத்தருகே வெகுநேரம் நின்றிருந்தேன்.

மறுநாள் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் மற்றொரு நேர்வாளைப் பார்த்தேன். 1873-இல் தெற்கே கியூஷுத் தீவின் குமமோத்தோ பகுதியில் ஏத்தா ஃபுனாயாமா ஈமமேட்டில் கிடைத்த அதன் முதுகுப்பகுதியில் வெள்ளியெழுத்துகள் உள்ளன. அடியருகே சிறு குதிரை ஒன்றும் வெள்ளியில் பதிக்கப்பட்டிருக்கிறது. அதில் சிதைந்திருந்த அரசர் பெயரை, இனாரியாமா வாளைப் படித்த பின்னரே வாகாத்தாக்கேரு என்று அறிஞர்கள் உறுதியாக வாசித்தனர். தொலைவில் கிடைத்த ஒரு வாள் மற்றொன்றைப் படிக்க உதவியது என்பதை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு அடங்கவில்லை. ஃபுனாயாமா வாளின் வாசகத்தை எழுதியவர் பெயர் சீனப் பெயராக இருப்பது, நேர்வாளும் எழுத்தும் சீன, கொரிய நிலங்களின் வழியே வந்தமைக்குச் சான்றாக எனக்குப் பட்டது.

வளைவு தோன்றியது பல நூற்றாண்டுகளுக்குப் பின்பு, ஹெயான் காலத்தின் நடுப்பகுதியில், ஏறத்தாழ 10-ஆம் நூற்றாண்டில். குதிரைமீதிருந்து வெட்டும் போர்முறைக்கு அது ஏற்றதாக இருந்தது என்பது பொதுவான கருத்து. வடகிழக்கில் எமிஷி மக்கள் ஏந்திய, சுருண்ட பெரணித் தளிர் போன்ற பிடியுடைய வாள்களும் இம்மாற்றத்துக்கு வழிவகுத்தன என்பர்.

அதே அருங்காட்சியகத்தில், தாச்சி எனப்படும் அக்கால வளைந்த நெடுவாள்கள் கூர் கீழ்நோக்கி வைக்கப்பட்டிருந்தன, இடுப்பில் தொங்கவிடும் முறையிலேயே. அவற்றில் ஒன்றன்முன் குனிந்து பார்த்தேன். வளைவெல்லாம் பிடிக்கருகே ஆழமாகத் தொடங்கி, முனையை நெருங்க நெருங்கக் குறைந்து, கடைசிப் பகுதி ஏறக்குறைய நேராகவே ஓடியது.