ரெண்டே ரெண்டு வார்த்தை

மாதக் கடைசி நாள், மாலை 4 மணி. அலுவலகக் கூட்ட அரங்கில் பணி நிறைவுப் பாராட்டு விழா. மேசை மேல் அடுக்கிய சால்வைகள், ஓரமாக ஜாங்கிரி, மிக்ஸர் பொட்டலங்கள் நிறைந்த அட்டைப்பெட்டி. மூன்றாவது வரிசையில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பவரின் காதருகே குனிந்து தொகுப்பாளர், "சார், நீங்களும் ரெண்டு வார்த்தை பேசிடுங்க" என்கிறார். அடுத்த நொடி அவர் முகம் போகிற போக்கைப் பார்த்தால் ஓய்வு பெறுவதே அவர்தானோ என்று தோன்றும்.

"ரெண்டு வார்த்தை" என்பது நம்மூரில் ஒரு தனி அளவை. குறைந்தது 3 நிமிடம், மேலே வரம்பில்லை. தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 58இலிருந்து 59 ஆகி, 2021இல் 60 ஆனது. வாழ்த்துரைகளும் கூடவே நீண்டுகொண்டிருக்கின்றன.

மேடைப் பயம் என்று சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் பயமே இல்லை. மைக் எந்த உயரத்தில் இருக்கும், யார் பெயரை முதலில் சொல்வது, எங்கே நிறுத்துவது என்று தெரியாத தவிப்புதான் அது. வள்ளுவரே அவையறிதலை முன்னால் வைத்து, அதற்கடுத்த அதிகாரமாகத்தான் அவையஞ்சாமையை வைத்தார். நம்மவர்கள் முதலாவதைத் தாண்டி நேரே இரண்டாவதுக்குப் போய், "தைரியமா பேசுங்க சார்" என்று முதுகில் தட்டுவார்கள். குடிக்கிற தண்ணீர் புரையேறும், தைரியம் ஏறாது.

முதல் விபத்து விளிப்பில் நடக்கும். "மேடையில் வீற்றிருக்கும் மாண்பமை தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும்..." என்று தொடங்கினால் ஆளுக்கு 10 வினாடி. மேடையில் 12 பேர் என்றால் 2 நிமிடம் காலி. தமிழ்த்தாய் வாழ்த்தை 55 வினாடியில் பாடி முடிக்கவேண்டும் என்று அரசாணையே இருக்கிறது. விளிப்புக்கும் ஒன்று போட்டால் நாட்டுக்கு நல்லது. ஏற்கெனவே பேசிய நாலு பேரும் அதே 12 பேரைக் கூப்பிட்டாயிற்று. தாங்கள் மேடையில்தான் இருக்கிறோம் என்பது அவர்களுக்கே இந்நேரம் உறுதியாகியிருக்கும். தலைவர், விழா நாயகர், பிறகு "அவையோர் அனைவருக்கும் வணக்கம்". 15 வினாடி போதும். அந்த இரண்டு பெயரை மட்டும் முதலெழுத்தோடும் பதவியோடும் சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். துணை இயக்குநரை "உதவி இயக்குநர் அவர்களே" என்று மைக்கில் ஒருமுறை அழைத்துவிட்டால், அவர் வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய பதவி உயர்வை மூன்று வினாடியில் பறித்த பாவம் வந்து சேரும்.

அடுத்தது மைக். முன்னால் பேசியவர் ஆறடி ஆள் என்றால் மைக் உங்கள் நெற்றிக்கு நேரே நிற்கும். பலர் அதை அப்படியே விட்டு, கோபுர தரிசனம் செய்வதுபோல் அண்ணாந்து பேசுவார்கள். ஸ்டாண்டின் நடுவில் ஒரு திருகு வளையம் இருக்கிறது. அதைத் தளர்த்தி, மோவாய் உயரத்துக்கு இறக்கி, திரும்ப இறுக்க 5 வினாடி ஆகும். இறுக்க மறந்தால் "அன்பு" என்னும்போது வாயருகே இருக்கும் மைக், "நெஞ்சங்களே" என்பதற்குள் வயிற்றருகே போயிருக்கும்.

வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரற்கடை இடைவெளி வேண்டும். அதை இரு மடங்காக்கினால் மைக்கில் விழும் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். கேட்கவில்லையென்று பின்வரிசை கையாட்டும், மைக்செட்காரர் வால்யூமை ஏற்றுவார். ஏற்றியதும் ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தத்தையே மைக் வாங்கி, ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்கி, ஸ்பீக்கர் திரும்ப வெளியே விட, அது மறுபடி மைக்குக்குள் போய், "கீ...ங்" என்று ஊளை கிளம்பும். உடனே எல்லோரும் அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவதுபோல் மைக்கின் தலையைப் பொத்துவார்கள். பொத்தினால் இன்னும் அழும். மேடை மைக் முன்னால் வரும் குரலை வாங்கிப் பின்னால் வரும் சத்தத்தைத் தள்ளுகிற மாதிரி செய்யப்பட்டது. அந்த வலைக்கூண்டுக்குள் காற்று எல்லாப் பக்கமும் போய்வந்தால்தான் அது நடக்கும். கை மூடியதும் எல்லாத் திசைச் சத்தமும் உள்ளே போகிறது. கையைத் தண்டுக்கு இறக்குங்கள், ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நிற்கிறீர்கள் என்றால் அதற்குப் பின்புறமாக நகருங்கள். ஊளை அடங்கிவிடும்.

தமிழுக்கென்று தனிச் சங்கடம் ஒன்றுண்டு. "பணி நிறைவுப் பாராட்டுப் பெருவிழா" என்று சொல்லிப் பாருங்கள், உள்ளங்கையை வாய்முன் வைத்துக்கொண்டு. மூன்று இடத்தில் காற்று வந்து அறையும். மைக் வாய்க்கு நேரே இருந்தால் அரங்கமெங்கும் ஊசிப்பட்டாசு. உதட்டோரமாகக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் காற்று ஒதுங்கிப்போகும், குரல் மட்டும் விழும். மைக் வேலை செய்கிறதா என்று ஊதிப் பார்ப்பதும் டொக் டொக்கென்று தட்டுவதும் வேண்டாம். "வணக்கம்" என்று சொன்னால் சோதனையும் ஆயிற்று, மரியாதையும் ஆயிற்று.

கையில் ஏ4 தாளோடு போகாதீர்கள். விரல் ஒரு நூலளவு நடுங்கினால் தாளின் மறுமுனை பனையோலை மாதிரி படபடக்கும், அது மைக்கிலும் கேட்கும். தபால் அட்டை அளவுக்குக் கனத்த அட்டை இரண்டு போதும். ஒன்றில் பெயர்கள், மற்றதில் ஐந்து குறிப்புச் சொற்கள், மூலையில் எண். செல்போனைப் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு 30 வினாடிக்கு ஒருமுறை திரை இருண்டுவிடும். உணர்ச்சிகரமான இடத்தில் கடன் வேண்டுமா என்று எங்கிருந்தோ ஒரு பெண் குரல் அழைக்கும். போன்தான் வேண்டும் என்றால் ஏரோப்ளேன் மோடில் போட்டு, திரை அணையும் நேரத்தைப் 10 நிமிடமாக்கிக்கொள்ளுங்கள்.

பேசுகிற விஷயத்துக்கு வருவோம். "எளிமையானவர், இனிமையானவர், நேர்மையானவர்." இதை எந்தப் பெயருக்குப் பின்னாலும் ஒட்டலாம், போன மாதம் ஒட்டியதும் இதைத்தான். அதைவிட மோசம் இறந்தகாலம். "அவர் ஒரு நல்ல மனிதராக இருந்தார், எல்லோரிடமும் அன்பாகப் பழகினார்." கழுத்தில் மாலையோடு அந்த மனிதர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், முன்வரிசையில் அவர் மனைவி கர்ச்சீப்பைத் தேடுகிறார். இருக்கிறார், பழகுகிறார் என்று நிகழ்காலத்தில் சொன்னால் இரங்கல் கூட்டம் திரும்பவும் பாராட்டு விழாவாகிவிடும்.

3 நிமிடத்தில் ஒரே ஒரு சம்பவம் சொல்லலாம், ஒன்றேதான். வெள்ளத்தில் நனைந்த கோப்புகளை அவர் மின்விசிறிக்குக் கீழே தாள் தாளாக விரித்துக் காயவைத்தார் என்று ஒன்று கிடைத்தால் போதும், நேர்மை எளிமை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். சம்பவத்துக்கு 2 நிமிடம், வாழ்த்துக்கு அரை நிமிடம். "நான் பேச்சாளன் இல்லை, திடீரென்று அழைத்துவிட்டார்கள், இருந்தாலும்" என்ற முன்னுரைக்கு நேரம் ஒதுக்கவே கூடாது. அந்த உண்மை தானாகவே தெரிந்துவிடும்.

வீட்டில் நின்றுகொண்டு, வாய்விட்டு, மூன்று தடவை சொல்லிப் பார்க்கவேண்டும். மனசுக்குள் படித்தால் 2 நிமிடம் வருவது வாய்விட்டுச் சொன்னால் 3ஐத் தாண்டும். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். முழுவதையும் மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு சொல் நழுவியதும் மொத்தச் சரமும் அறுந்துவிடும். ஒரு தடவை போனில் பதிவுசெய்து, எத்தனை "வந்து", எத்தனை "என்ன சொல்றேன்னா" என்று எண்ணுங்கள். 1924இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய, மேடைப்பேச்சுப் பழகுவதற்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கக் கூட்டங்களில் இப்படி எண்ணுவதற்கென்றே ஓர் ஆளை உட்காரவைப்பார்கள். திடீர்ப் பேச்சுக்கு 1 நிமிடத்தில் பச்சை, ஒன்றரையில் மஞ்சள், 2இல் சிவப்பு விளக்கு. நமக்கு விளக்கு வேண்டாம், முன்வரிசை நண்பர் இரண்டரை நிமிடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் போதும்.

வாய் உலர்வது பதற்றத்தின் வேலை. சாதாரணத் தண்ணீர் ஒரு மிடறு குடித்து, மூச்சை 4 எண்ணிக்கைக்கு இழுத்து 6 எண்ணிக்கைக்கு விடுவதை ஐந்து முறை செய்தால் கொஞ்சம் அடங்கும். பேசும்முன் ஜாங்கிரியைத் தொடாதீர்கள், பாகு நாக்கில் ஒட்டும். மிக்ஸர் அதைவிட ஆபத்து. தொண்டையில் ஒரு ஓமப்பொடித் துணுக்கு போதும்.

விழாத் திரையில் கணினி வழியாகப் படத்தொகுப்பு போடுகிறவர்களுக்கு ஒரே வார்த்தை. பாமினி எழுத்துருவில் அடித்த வாழ்த்துச் செய்தி, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக விரியும். யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, பென்டிரைவில் கொண்டுபோங்கள்.

"இறுதியாக" என்ற சொல் ஒரு பேச்சில் ஒரு முறைதான் வரலாம். மூன்றாவது "இறுதியாக"வில் தொகுப்பாளரிடமிருந்து துண்டுச்சீட்டு வரும். சிலர் அதை யாருடைய பெயரோ விட்டுப்போயிற்று என்று நினைத்து, "நேரம் ஆகிவிட்டது, முடிக்கவும்" என்று மைக்கிலேயே வாசித்துவிடுவார்கள். அன்றைக்குக் கிடைப்பதிலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

பேசி முடித்ததும் கையிலிருக்கும் வயர்லெஸ் மைக்கை அணைத்து மைக்செட்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்கவேண்டும். இல்லையென்றால் பக்கத்து இருக்கைக்காரரிடம் கிசுகிசுப்பாகக் கேட்டது, பின்சுவர் ஸ்பீக்கர் வரைக்கும் துல்லியமாகப் போய்ச்சேரும்: "எப்படிப் பேசினேன்? ஜாங்கிரி பாக்கெட் மிச்சம் இருக்கா?"