மகிழ மரத்தடியில் அம்மா

கார்த்திகைப் பௌர்ணமிக்குத் திருவொற்றியூர் போவது எங்கள் வீட்டில் பாட்டி காலத்துப் பழக்கம். ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவானவர். வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பவரை இந்த 3 நாள் மட்டும்தான் கவசமில்லாமல் தரிசிக்க முடியும். புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்தியிருப்பார்கள்.

இந்த முறை தேரடி மெட்ரோவில் இறங்கியதிலிருந்தே அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். க்ளாக்கோமா. போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு நாள்கூட விளக்கேற்றத் தவறாதவருக்கு ஏன் இப்படி? வரிசையில் நின்ற இரண்டு மணி நேரமும் எனக்கு இதே நினைப்புதான்.

சன்னதியில் கிடைத்தது சில நொடிகள். "தெரியுதாம்மா?" என்றேன்.

"தீபம் தெரியுது. தைல வாசனை வருது. போதும்டா."

எனக்குப் போதவில்லை.

வெளியே வந்து மகிழ மரத்தடிக்குப் போனோம். தேவாரம் பாடிய சுந்தரர், தான் மணக்கவிருந்த சங்கிலியாருக்கு, உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்த இடம். சத்தியம் தன்னைக் கட்டாமலிருக்க, சன்னதியில் சத்தியம் செய்யும்போது நீர் மகிழடியில் போய் இரும் என்று சிவனிடம் அவர் கேட்டுக்கொள்ள, சிவனோ மகிழடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டார். பிறகு திருவாரூர் நினைப்பு வந்து சுந்தரர் ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. தோழர் என்று சொல்லிக்கொண்டே சாமி மாட்டிவிட்டாரே என்று சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

கண்ணிழந்தவர் திருவெண்பாக்கம் போய், கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்கிறார். ஓர் ஊன்றுகோல் கிடைக்கிறது. கூடவே "உளோம் போகீர்" என்று ஒரு பதில். இருக்கிறோம், நீர் போம். அவ்வளவுதான். ஏன் என்பதற்கு ஒரு வார்த்தை இல்லை. (அந்தப் பழைய கோயில் இருந்த இடம் இன்று பூண்டி ஏரிக்குள் இருக்கிறது. நாம் குடிக்கும் தண்ணீர்.) காஞ்சியில் இடக்கண் வந்தது. திருவாரூரில் மற்ற கண்ணைக் கேட்டபோது, தராவிட்டால் நீரே நன்றாக வாழ்ந்து போம் என்று சாமியையே கோபித்துக்கொண்டார். அந்தக் கோபமும் தேவாரமாகத்தான் இருக்கிறது. ஓதுவார்கள் இன்றும் பாடுகிறார்கள்.

இதையெல்லாம் சொல்லி, "அவருக்காவது கண் திரும்ப வந்துதேம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது.

அம்மா மரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். காலையில் பெய்த மழையில் பட்டை ஊறியிருந்தது. விரல் நுனியில் ஒட்டிய ஈரத்தைக் கண்ணிமைகளில் வைத்துக்கொண்டார்.

"வர்ற வரைக்கும் அவரும் கோலை ஊனித்தானே நடந்தாரு" என்றார். "நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், தினமும் விளக்கேத்தும்போது. நீ என்ன நினைச்ச, கேக்காமலா இருப்பேன்?"

இதுவரை அவர் என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

"சரி, வடிவுடையம்மனைப் பாக்கணும். கூட்டம் ஏறிடும்" என்று என் தோளைத் தேடினார். கொஞ்சம் குனிந்து கொடுத்தேன்.