பாங்காக்கில் என் பெயருக்கு மூன்று எழுத்துக்கூட்டல்

என் பாஸ்போர்ட் உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. அதில் என் பெயர், அப்பா அம்மா பெயர், மனைவி பெயர், மகள் பெயர் எல்லாம் தாய்லாந்து எழுத்தில் அச்சடித்து, லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். பாங்காக்கில் எந்த கவுன்ட்டருக்குப் போனாலும் முதலில் இதைத்தான் நீட்டுகிறேன். 2022-இல் வந்து இறங்கியபோதே இது கையில் இருந்திருந்தால் பல மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும். இங்கே வேலைக்கு வரும் நம் ஆட்களிடம் விசா, சம்பளம், வீட்டு வாடகை பற்றியெல்லாம் பேச ஆள் உண்டு. பெயரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எனக்குத் திருப்பூர். இங்கே ஒரு துணி நிறுவனத்தில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறேன். விசா கிடைத்த கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் பாதிக்குமேல் நிறுவனமே பார்த்துக்கொண்டது. அவர்கள் தொழிலாளர் துறையிடம் முன்அனுமதிக் கடிதம் வாங்கி அனுப்பினார்கள். அதை வைத்து சென்னையிலுள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்துக்கு விண்ணப்பித்து, ‘நான்-இமிக்ரன்ட் பி’ என்ற வேலைக்கான விசா வாங்கினேன். 2025 ஜனவரியிலிருந்து இந்தியர்களுக்கு இது இணையவழி இ-விசாவாகிவிட்டது. அந்த விசா தருவது 90 நாள்தான். அதற்குள் வேலை அனுமதி எடுத்து, பிறகு குடிவரவுத் துறையில் ஓராண்டுக்கு நீட்டிப்பு வாங்க வேண்டும். வேலை அனுமதிக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். தொழுநோய், காசநோய், யானைக்கால் இவையெல்லாம் இல்லை என்று அதில் இருக்க வேண்டும். ஓராண்டு அனுமதிக்கு 3,000 பாட். நீட்டிப்புக்கு 1,900 பாட். பொதுவாக ஒரு வெளிநாட்டவருக்கு நான்கு தாய்லாந்து ஊழியர்களையும் 20 லட்சம் பாட் மூலதனத்தையும் நிறுவனம் காட்ட வேண்டும். இந்தியர் என்றால் மாதச் சம்பளம் குறைந்தது 35,000 பாட். சிறிய நிறுவனத்தில் சேருகிறவர்கள் இந்த மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு ஊரில் வேலையை விடுவது நல்லது.

சரி, பெயர் விஷயத்துக்கு வருகிறேன்.

தாய்லாந்தில் பல அரசு ஆவணங்களில் உங்கள் பெயர் தாய்லாந்து எழுத்தில் ஏறும். அதை எப்படி எழுத வேண்டும் என்று பாஸ்போர்ட் சொல்லாது. அன்றைக்கு யார் தட்டச்சு செய்கிறாரோ, அவர் காதுக்கும் கண்ணுக்கும் பட்டபடி எழுதுவார். அந்த மொழியில் ‘ஸ’ ஒலிக்கு நான்கு எழுத்துகள். மூச்சுவிட்டுச் சொல்லும் ‘த’வுக்கு ஆறு. இவற்றில் பல, சமஸ்கிருதம், பாலி வழியாக வந்த சொற்களை எழுத வைத்திருப்பவை. அப்புறம் ‘க’. நாம் சொல்வது போன்ற மென்மையான ‘க’ ஒன்று, மூச்சோடு வருகிற ‘க்ஹ’ வேறு. செந்தில்குமார் என்ற பெயரில் இந்த மூன்று ஒலியும் இருக்கின்றன.

கடைசி எழுத்து இன்னும் முக்கியம். தாய்லாந்து மொழியில் சொல்லின் கடைசியில் ‘ல்’ வந்தாலும் ‘ர்’ வந்தாலும் வாயில் ‘ன்’ என்றுதான் வரும். அதனால் நான் இங்கே ‘செந்தின் குமான்’. குமார் என்பது அவர்கள் மொழியிலும் இருக்கிறது, சிறுவன் என்ற பொருளில். எழுதும்போது ‘ர’ போட்டு எழுதுவார்கள், படிக்கும்போது குமான். ஆனால் வெளிநாட்டுப் பெயர் என்று கருதி எழுதுகிறவர்கள் அந்த ‘ர’வின் தலையில் ஒரு சின்னச் சுழி போடுவார்கள். காரன் என்கிறார்கள் அதை. பார்க்க நம் புள்ளி போலத்தான் இருக்கும். நம் புள்ளி எழுத்தின் உயிரை மட்டும் எடுக்கும், மெய் நிற்கும். அவர்களுடைய சுழி எழுத்தையே ஊமையாக்கிவிடும். சுழி போட்டால் நான் ‘குமா’.

வேலை அனுமதியில் என் பெயர் சுழி இல்லாமல், மென்மையான ‘க’வோடு இருந்தது. விண்ணப்பத்தில் அப்படித் தட்டச்சு செய்திருந்தார்கள், நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். வங்கிக் கணக்குத் தொடங்கியபோது சுழியோடு எழுதினார்கள். இரண்டும் வேறு என்று எனக்கு அப்போது தெரியாது. அந்த எழுத்தே எனக்குப் படிக்க வராது.

2023-இல் மனைவியும் மகளும் வந்தார்கள். குடும்பத்தினருக்கான ‘நான்-இமிக்ரன்ட் ஓ’ விசா, அதுவும் 90 நாள். என் நீட்டிப்போடு சேர்த்து அவர்களுக்கும் நீட்டிப்பு வாங்க வேண்டும். திருமணச் சான்றிதழை ஊரிலேயே வெளியுறவு அமைச்சகத்தில் சான்றொப்பம் வாங்கி, சென்னைத் துணைத் தூதரகத்திலும் முத்திரை வாங்கி வைத்திருந்தோம். இங்கே வந்ததும் தாய்லாந்து மொழியில் மொழிபெயர்த்து, ஜேங் வத்தனா சாலையிலுள்ள தாய்லாந்து வெளியுறவுத் துறையின் தூதரகப் பிரிவில் மறுபடி சான்றொப்பம். ஒரு மொழிபெயர்ப்புக் கடையில் கொடுத்தேன். அவர்கள் ஆங்கிலத்திலுள்ள ‘கே’யைப் பார்த்து மூச்சோடு வரும் ‘க’வைப் போட்டு, ‘ஸ’வையும் மாற்றி, சுழியும் வைத்துவிட்டார்கள். மூன்றாவது எழுத்துக்கூட்டல்.

நீட்டிப்பு கவுன்ட்டரில் இருந்த இளம் அதிகாரி வேலை அனுமதியையும் திருமணச் சான்றிதழின் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இரண்டும் ஒரே ஆளா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். திருமணச் சான்றிதழில் பாஸ்போர்ட் எண் கிடையாது. இரண்டையும் இணைப்பது பெயர் ஒன்றுதான், அதுதான் பொருந்தவில்லை. அவர் கேட்டது நியாயம்தான். மகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்தார். அதில் தந்தை பெயர் ‘ஆ. செந்தில்குமார்’. பாஸ்போர்ட்டில் செந்தில்குமார் ஆறுமுகம். “இந்த ‘ஆ’ யார்?” என்றார். ஒற்றை எழுத்து ஒருவரின் அப்பாவைக் குறிக்கும் என்பதை அந்த கவுன்ட்டரில் நின்று என்னால் விளக்க முடியவில்லை. மனைவி என் சட்டையைப் பிடித்து, “ஏனுங்க, இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு” என்றாள். விசா முடிந்து தங்கினால் ஒரு நாளைக்கு 500 பாட் அபராதம், உச்சம் 20,000 பாட். பணம்கூடப் பரவாயில்லை, மகள் பாஸ்போர்ட்டில் அப்படியொரு பதிவு விழக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை.

அந்தப் பன்னிரண்டு நாளில் செய்தது இது. வேலை அனுமதியில் இருக்கும் எழுத்துக்கூட்டலே இனி என் பெயர் என்று முடிவு செய்தேன். எல்லா ஆவணங்களும் அதைச் சுற்றித்தான் நிற்கின்றன. அதன் நகலை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, ஓர் எழுத்துகூட மாறாமல் இதே மாதிரி வேண்டும் என்று புதிதாக எழுதி வாங்கினேன். மறுபடி சான்றொப்பம். பிறகு சுகும்வித் 23-ஆம் சந்திலுள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போய், ஆ. செந்தில்குமாரும் செந்தில்குமார் ஆறுமுகமும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம். அதற்கும் மொழிபெயர்ப்பு, அதற்கும் முத்திரை. மூன்று நாள் மிச்சம் இருக்கும்போது நீட்டிப்பு முத்திரை விழுந்தது. அதே இளம் அதிகாரிதான் வாங்கிக்கொண்டார். இந்த முறை இரண்டு தாளையும் ஒருதடவை பார்த்தார், அவ்வளவுதான்.

ஊரிலிருந்து கிளம்பும் முன் பிறப்புச் சான்றிதழில் இனிஷியலை விரித்து எழுதி வாங்க முடியுமானால் வாங்கிவிடுங்கள். அங்கே நகராட்சியில் இரண்டு நடை நடப்பது இங்கே இரண்டு வாரம் பதறுவதைவிடச் சுலபம்.

நகல் எடுக்கும் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒவ்வொரு நகலிலும் ‘சரியான நகல்’ என்று பொருள்படும் ‘சம்னாவ் தூக் தோங்’ என்பதை எழுதி, கீழே கையெழுத்துப் போட வேண்டும். நீல மையில் போட்டால்தான் அசலான கையெழுத்து என்று பார்த்ததும் தெரியும். நகலின் குறுக்கே எந்த வேலைக்காகக் கொடுக்கிறீர்கள் என்றும் எழுதிவிடுங்கள், வேறெதற்கும் அது பயன்படாது. தேதிகள் புத்த ஆண்டில் இருக்கும். நம் ஆண்டோடு 543 கூட்ட வேண்டும். 2025 என்பது 2568. வெறும் ‘68’ என்று போட்டிருந்தால் குழம்பக் கூடாது.

அன்றாடத்தில் மூன்று விஷயம் தவறக் கூடாது. முதலாவது, நீங்கள் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் உங்களைப் பற்றிக் குடிவரவுத் துறையில் பதிவு செய்யும் டி.எம். 30 படிவம். வீட்டுக்காரர் செய்யவில்லை என்றால் உங்கள் மற்ற வேலைகள் நிற்கும், அதனால் வாடகை பேசும்போதே இதைப் பேசிவிடுங்கள். அடுத்தது 90 நாளுக்கு ஒருமுறை இருப்பிடம் தெரிவிப்பது. நேரில் என்றால் கெடுவுக்கு 15 நாள் முன்பிலிருந்து 7 நாள் பின்பு வரை போகலாம். தவறிப் போனால் 2,000 பாட். வெளிநாடு போய்த் திரும்பினால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

மூன்றாவது, மறுநுழைவு அனுமதி. அது இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போனால் அரும்பாடுபட்டு வாங்கிய நீட்டிப்பு அந்த நொடியே செத்துவிடும். 2024-இல் ஒரு நாள் விடியற்காலை அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகத் தம்பி கூப்பிட்டான். அன்றைக்கே கிளம்பினேன். சுவர்ணபூமி விமான நிலையத்திலேயே மறுநுழைவு அனுமதி தரும் மேசை இருப்பது தெரிந்திருந்ததால் தப்பித்தேன். ஒருமுறை போய்வர 1,000 பாட், பலமுறைக்கு 3,800. அம்மா பிழைத்து வீடு திரும்பினார். அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் நீட்டிப்பு கிடைத்த அன்றே பலமுறைக்கானதை வாங்கிவிடுகிறேன். பெற்றோர் ஊரில் இருக்கும் எல்லோருக்கும் நான் இதைத்தான் சொல்வேன்: அந்த 3,800-ஐ மிச்சம் பிடிக்காதீர்கள்.

சென்ற ஆண்டு, அதாவது 2025-இல், மஞ்சள் வீட்டுப் புத்தகத்துக்கு விண்ணப்பித்தேன். தபியன் பான் என்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பதிவுப் புத்தகம். தாய்லாந்துக் குடிமக்களுக்கு நீலம், வெளிநாட்டவருக்கு மஞ்சள். நம் ரேஷன் கார்டுக்கு ஊரில் என்ன மரியாதையோ, அந்த மரியாதை இதற்கு. அதோடு இளஞ்சிவப்பு அடையாள அட்டையும் கிடைக்கும், அதற்கு 60 பாட். அதில் 13 இலக்க எண். எங்களைப் போன்ற தற்காலிகவாசிகளுக்கு அது 6-இல் தொடங்கும். ஓட்டுநர் உரிமம் போன்ற வேலைகளுக்கு ஒவ்வொரு முறையும் இருப்பிடச் சான்று வாங்கக் குடிவரவுத் துறைக்கு ஓட வேண்டியதில்லை.

வீட்டுக்கார அம்மாவை நாங்கள் ‘பா’ என்று கூப்பிடுகிறோம். தாய்லாந்து மொழியில் பெரியம்மா என்று பொருள். சம்மதம் தெரிவிக்கவும் சாட்சி சொல்லவும் அவரே வட்டார அலுவலகத்துக்கு உடன் வந்தார். எதிரில் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார்.

“குடும்பப் பெயர்?”

“ஆறுமுகம்.”

“அப்பா பெயர்?”

“ஆறுமுகம்.”

“அப்பாவின் குடும்பப் பெயர்?”

“ரத்தினம். அது தாத்தா பெயர்.”

அவர் என் மகளின் பாஸ்போர்ட் நகலைப் புரட்டினார். அதில் குடும்பப் பெயர் செந்தில்குமார். மனைவிக்கும் செந்தில்குமார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒரே வீட்டில் எப்படி இத்தனை குடும்பப் பெயர் என்று கேட்டார். எங்கள் ஊரில் அப்பா பெயர்தான் பிள்ளைக்குப் பின்னால் வரும், தலைமுறைக்குத் தலைமுறை அது நகர்ந்துகொண்டே போகும் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். ‘பா’ இடையில் புகுந்து, “நம் ஊரில் மட்டும் என்னவாம்? ஆறாம் ராமர் வந்துதானே எல்லாருக்கும் குடும்பப் பெயர் வந்தது!” என்றார். உண்மைதான். ஆறாம் ராமர் எனப்படும் மன்னர் வச்சிராவுத் 1913-இல் சட்டம் போடும்வரை இந்த நாட்டு மக்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அந்த அம்மையார் சிரித்துவிட்டார். தன் கொள்ளுத்தாத்தாவுக்கும் வெறும் ஒற்றைப் பெயர்தான் என்றார்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஒவ்வொரு பெயரையும் என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதினார். ஆறுமுகம், ரத்தினம், அம்மாவின் பெயர். ரத்தினம் என்றதும் அது தங்களுக்கும் தெரிந்த சொல் என்று, ரத்தினத்தை எழுதும் எழுத்திலேயே எழுதினார். என் பெயருக்கு வந்தபோது, அப்போது வைத்திருந்த சீட்டை நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, “கடைசியில் சுழி வேண்டாமா? இப்படி எழுதினால் குமான் என்றுதானே படிப்போம்” என்றார்.

முதல் ஆண்டு முழுக்க அந்த ‘குமான்’ எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பா வைத்த பெயர் அது இல்லையே என்று தோன்றும். இப்போது அந்த எழுத்துகளை நானே படிக்கிறேன். சுழி இல்லாவிட்டால் ஒலி மாறும், ஆனால் ‘ர’ அங்கேயே உட்கார்ந்திருக்கும். சுழி போட்டால் அது வாயடைத்துப் போகும். இப்படியே இருக்கட்டும் என்றேன்.

அவர் தலையசைத்து எழுதினார். அந்த வெள்ளைத் தாளை நான் கேட்டு வாங்கி வந்து, அதிலிருந்துதான் இப்போதுள்ள சீட்டை அச்சடித்தேன். வங்கியில் சுழியோடு இருந்த பெயரையும் மாற்றியாயிற்று. அடுத்த மாதம் மனைவிக்கு மஞ்சள் புத்தகம். ‘பா’ சாட்சிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், மாமனாரின் பெயரை மட்டும் இன்னொரு முறை சொல்லிக் காட்டச் சொன்னார்.